மொட்டை மாடி இல்லாமலே மாம்பழ தாண்ட்ரா: வீட்டு ஓவன்ல பண்றது எப்படி, முழு வழிகாட்டி

சின்ன வயசுல வட சென்னை தண்டையார்பேட்டைல எங்க வீட்டு மொட்டை மாடில மே மாசம் வந்தா ரெண்டு பாய் விரிச்சே கெடக்கும். ஒண்ணுல ஆயா புழிஞ்ச வடாம், இன்னொண்ணுல மாம்பழக் கூழ். பக்கத்து போர்ஷன்ல இருந்த தெலுங்குக்காரங்க கிட்ட இருந்து தான் ஆயா இத கத்துக்குச்சு, அதனால எங்க வீட்ல இதுக்கு பேரு தாண்ட்ரா. சவுகார்பேட்டை மிண்ட் தெரு பக்கம் போனா இதையே ஆம் பாப்பட்னு கேட்டு வாங்குவாங்க. கோதாவரி பக்கம் ஆத்ரேயபுரம்னு ஒரு ஊரு இந்த தாண்ட்ராவுக்கே பேர் போனது, யாழ்ப்பாணத்துல பனம்பழக் களிய பாய்ல ஊத்தி காய வெச்சு பனாட்டுனு செய்வாங்க. எல்லாம் ஒரே வேலை தான், பழத்த கூழாக்கி மெலிசா பரப்பி தண்ணிய மட்டும் வெளியேத்துறது.

இப்ப நம்ம பக்கம் மாடில காய வெக்கறது ரொம்ப கஷ்டம். மாடி பொதுவா இருக்கும், இல்ல பூட்டி இருக்கும், தொறந்து இருந்தாலும் துறைமுகத்துக்கு போற கண்டெய்னர் லாரி கெளப்புற தூசி மொத்தமும் அந்த கூழ் மேல தான் ஒட்டும். ஈ வேற. இதெல்லாம் சமாளிச்சாலும் மத்தியானம் ஆனதும் கடக்காத்து ஈரத்தோட உள்ள வந்துடும், காலைல பாதி காஞ்சது சாயங்காலம் திரும்பவும் பிசுபிசுன்னு ஆயிடும். அதனால தான் நான் ஓவனுக்கு வந்தேன். நாலஞ்சு தடவ சொதப்பி, ரெண்டு தடவ கருக்கி, அப்புறம் தான் கை வந்துச்சு, அந்த ஆறேழு தடவ நீங்களும் வீணாக்க வேணாம்னு தான் இவ்ளோ விலாவாரியா எழுதறேன்.

முதல்ல இந்த ஒரு விஷயத்த மனசுல போட்டுக்குங்க. தாண்ட்ராவ காய வெக்கறது சூடு மட்டும் இல்ல, காத்து தான். காசிமேட்ல கருவாடு காய போடறவங்கள கேட்டு பாருங்க, வெயில் கொளுத்தி காத்து அசையாத நாள விட வெயில் சுமாரா இருந்து மேகாத்து, அதாவது மேற்கு காத்து, அடிக்கற நாள் தான் கருவாடு நல்லா காயும்னு சொல்லுவாங்க. கூழ்ல இருந்து கெளம்புற ஈரத்த அங்கேருந்து தள்ளிட்டு போக காத்து வேணும், இல்லைனா அந்த ஈரம் மேலயே நின்னுடும். மூடி வெச்ச ஓவன்ல அது தான் நடக்குது, உள்ள ஆவி ரொம்பி தாண்ட்ரா வேகுது, காயல. அப்ப நாம செய்ய வேண்டியது ஓவன மொட்டை மாடி மாதிரி ஆக்கறது. கீழ சொல்றது எல்லாமே அதுக்கு தான்.

எந்த பழம்

பங்கனப்பள்ளி, செந்தூரா ரெண்டும் இதுக்கு நல்லா வரும். செந்தூரால கலர் அருமையா இருக்கும். இமாம்பசந்த், மல்கோவா எல்லாம் இதுல போடாதீங்க, அத அப்படியே சாப்பிடறது தான் மரியாதை. சீசன் கடைசில வர நீலம் கூட நல்லது, வாசனை தூக்கும், விலையும் கம்மியா இருக்கும். நார் பழம் கெடச்சா வடிகட்டணும், அவ்ளோ தான். கிளிமூக்கு பழுத்தது கெடச்சா பங்கனப்பள்ளியோட பாதிக்கு பாதி கலந்துக்கலாம், அதோட புளிப்பு தாண்ட்ராவுக்கு ரொம்ப பொருத்தம்.

பழம் நல்லா பழுத்து லேசா கனிஞ்சு போயிருந்தா இன்னும் நல்லது, தள்ளுவண்டில ராத்திரி கடைசியா தள்ளி விடற பழம் இருக்குல்ல, அது போதும். ஆனா அழுகுனது, புளிச்ச வாடை அடிக்கறது, காம்பு பக்கம் பூசணம் புடிச்சது, இதெல்லாம் வெட்டிட்டு மீதிய போட்டுக்கலாம்னு நெனைக்காதீங்க, முழுசா தூக்கி போட்டுடுங்க. காய வெக்கும்போது ருசி எல்லாம் அடர்த்தி ஆகும், நல்ல ருசியும் ஆகும், கெட்ட ருசியும் ஆகும்.

மாம்பழம் இல்லாத மாசத்துல கொய்யா தான் என்னோட முதல் சாய்ஸ், அதுல பெக்டின், அதாவது ஜாம் கெட்டிப்பட வெக்கற சத்து, அதிகம், அதனால தாண்ட்ரா கிழியாம தோல் மாதிரி வரும். ஆப்பிளும் அப்படியே. பப்பாளில புளிப்பே கெடையாது, எலுமிச்சை தாராளமா புழியணும். பலாப்பழம், சப்போட்டா, பன்னீர் திராட்சை எல்லாம் வரும். தர்பூசணி மட்டும் வேணாம், பெரும்பகுதி தண்ணி, ஒரு நாள் முழுக்க காய வெச்சாலும் கடைசில பேப்பர்ல சிவப்பா ஒரு கறை மாதிரி தான் மிஞ்சும்.

என்னென்ன வேணும்

1 கிலோ பங்கனப்பள்ளி, ஏறக்குறைய 3 பழம் நிக்கும். தோலும் கொட்டையும் போக 550ல இருந்து 600 கிராம் சதை தேறும். எலுமிச்சை சாறு 2 டீஸ்பூன், சர்க்கரை 2 டேபிள்ஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு. ஏலக்காய் உங்க இஷ்டம், நான் போடறதில்ல, கொஞ்சம் சுக்குப் பொடி போடுவேன். இந்த அளவுக்கு ரெண்டு டிரே வரும், காஞ்ச அப்புறம் மொத்தமா 150 கிராம் கிட்ட தான் இருக்கும். 1 கிலோ பழம் வாங்கி இவ்ளோ தானானு தோணும், ஆனா மாம்பழத்துல நூத்துக்கு 80க்கு மேல தண்ணி தான், அத எடுத்துட்டா மிச்சம் இவ்ளோ தான் இருக்கும்.

சர்க்கரை கட்டாயம் இல்ல. நல்ல இனிப்பு பழமா இருந்தா வேணாம். ஆனா கொஞ்சம் போட்டா தாண்ட்ரா வளைஞ்சு குடுக்கும். ரொம்ப நாள் வெக்கறதா இருந்தா சர்க்கரைக்கு பதிலா தேன் ஊத்தலாம், சர்க்கரை நாளாக நாளாக உள்ளயே பூத்து நறநறன்னு ஆகும், தேன்ல அது அவ்ளோ வராது. ஆனா 1 வயசு ஆகாத கொழந்தைக்கு தேன் எந்த ரூபத்துலயும் குடுக்கக் கூடாது, சூடு பண்ணாலும் சரி. வெல்லம் போட்டா வாசனை நல்லா இருக்கும், கலர் கருத்துடும், அவ்ளோ தான் வித்தியாசம்.

எலுமிச்சைய மட்டும் விட்டுடாதீங்க. கலர் மாறாம பாத்துக்கும், பெக்டின் கெட்டிப்பட புளிப்பு வேணும், கெட்டு போறதையும் தள்ளி போடும், ஒரே ஸ்பூன்ல மூணு வேலை.

பேப்பர் விஷயம்

டிரேல கூழுக்கு அடில விரிக்கற பேப்பர், இதுல தான் நான் முதல் தடவ மாட்டுனேன். கடைல பட்டர் பேப்பர்னு கேட்டா ரெண்டு விதமா குடுப்பாங்க. ஒண்ணு ஸ்வீட் கடைல மடிச்சு குடுக்கற சாதா மெலிசு பேப்பர், அதுல கூழ் ஊத்துனா பேப்பரும் பழமும் ஒண்ணா ஆயிடும், பிரிக்கவே முடியாது, பேப்பரோட தின்ன வேண்டியது தான். இன்னொண்ணு பேக்கிங் பார்ச்மென்ட், சிலிகான் பூசி வழுவழுன்னு இருக்கும். கேக் சாமான் விக்கற கடைல பார்ச்மென்ட்னே கேளுங்க. சிலிகான் மேட் இருந்தா இன்னும் நல்லது, வருஷக்கணக்குல உழைக்கும். அலுமினியம் ஃபாயில் வேணாம், மெழுகு பேப்பரும் வேணாம். எதுவும் கெடைக்கலைனா ஓரம் ஒசந்த எவர்சில்வர் தட்டுல நெய் தடவி ஊத்துங்க, ஆயா பாய்ல கூட நெய் தடவி தான் ஊத்தும். எடுக்கறது கொஞ்சம் கஷ்டம், ஆனா வரும்.

கூழ் பண்றது

பழத்த நல்லா கழுவி தோல் சீவி சதைய வெட்டி மிக்ஸில தண்ணி ஒரு சொட்டு கூட ஊத்தாம அரைங்க. தண்ணி ஊத்துனா அதையும் நீங்க தான் காய வெக்கணும். கட்டி ஒண்ணு கூட இருக்கக் கூடாது, ஒரு சின்ன துண்டு இருந்தா சுத்தி எல்லாம் காஞ்சு அந்த எடம் மட்டும் ஈரமா நிக்கும், பூசணம் அங்கேருந்து தான் ஆரம்பிக்கும். நார் இருந்தா சல்லடைல போட்டு கரண்டியால தேச்சு எறக்குங்க.

அப்புறம் அடி கனமான பாத்திரத்துல ஊத்தி சிம்ல வெச்சு கிண்டுங்க. பச்சையாவே பரப்பலாம்னு சிலர் சொல்லுவாங்க, வரும் தான், ஆனா நான் அப்படி பண்றதில்ல. சூடு பண்ணா கிருமி சாகும், பழத்த கருக்க வெக்கற என்சைமும் அடங்கும், தண்ணி இங்கேயே கொஞ்சம் குறையறதால ஓவன்ல நேரம் மிச்சம் ஆகும், தாண்ட்ராவும் கண்ணாடி மாதிரி பளபளன்னு வரும். 10ல இருந்து 15 நிமிஷம், கூழ் கொதிச்சு பொத் பொத்துன்னு தெறிக்கும், கைல பட்டா நல்லா சுடும், நீள கரண்டி வெச்சுக்குங்க. கரண்டிய எடுத்து சாச்சா ரவா கேசரி அளவுக்கு கெட்டியாவும் இருக்கக் கூடாது, ஜூஸ் மாதிரி ஓடவும் கூடாது, தோசை மாவு பதம். அடுப்ப அணைச்சுட்டு எலுமிச்சை, சர்க்கரை, உப்பு, சுக்கு கலந்து ருசி பாருங்க. இப்ப இருக்கறத விட காஞ்ச அப்புறம் இனிப்பு ரெண்டு மூணு மடங்கு தெரியும், அதனால இப்ப கொஞ்சம் கம்மியா இருக்குனு தோணுற எடத்துல நிறுத்திடுங்க.

கொய்யாவா இருந்தா முதல்ல துண்டு போட்டு கொஞ்சமா தண்ணி தெளிச்சு வேக வெச்சு, மசிச்சு, வெதை போக வடிகட்டணும். அரைச்சுட்டு வடிகட்டாதீங்க, வெதை ஒடஞ்சு மாவு மாவா ஆயிடும்.

பரப்பறது

டிரேல பேப்பர விரிச்சு கூழ ஊத்தி, தோசைக் கரண்டியாலயோ ஸ்பேச்சுலாவாலயோ பரப்புங்க. கனம் 3 மில்லிமீட்டர், அதாவது ரெண்டு ஒரு ரூபா காசு ஒண்ணு மேல ஒண்ணு வெச்சா எவ்ளோ இருக்குமோ ஏறக்குறைய அவ்ளோ. 30க்கு 30 சென்டிமீட்டர் டிரேக்கு 250 மில்லி கூழ் சரியா இருக்கும், ஒண்ணே கால் டம்ளர். இதுல முக்கியமானது, ஓரம் நடுவ விட கொஞ்சம் தடிமனா இருக்கணும். நாம தோசை ஊத்தி ஊத்தி பழகுன கை, நடுல தடிமனா ஓரம் மெலிசா தான் தானா போகும், இங்க அதுக்கு நேர் தலைகீழ். ஏன்னா ஓரம் தான் முதல்ல காயும், மெலிசா விட்டா நடு காயறதுக்குள்ள ஓரம் அப்பளம் மாதிரி நொறுங்கிடும். பேப்பர் ஓரத்துல இருந்து ரெண்டு விரல் அளவு எடம் விட்டுடுங்க, உரிக்கும்போது புடிக்க வசதியா இருக்கும். கடைசியா டிரேய மேடை மேல ரெண்டு தட்டு தட்டுனா காத்துக் குமிழ் எல்லாம் ஒடஞ்சுடும்.

ஓவன் செட்டிங்

நமக்கு வேண்டிய சூடு 60ல இருந்து 65 டிகிரி. பிரச்சனை என்னன்னா நம்ம வீடுகள்ல இருக்கற ஓடிஜி, அதாவது மேடை மேல வெக்கற சின்ன கரண்ட் ஓவன், நெறைய மாடல்ல டயலே 100ல தான் ஆரம்பிக்கும். 100ல மூடி வெச்சா மேல தோல் கட்டிக்கும், உள்ள ஈரம் சிக்கிக்கும், பாக்க காஞ்ச மாதிரி இருக்கும், நாலே நாள்ல உள்ள பூசணம். கருக்கவும் செய்யும்.

அதுக்கு வழி: டயல 100ல, இல்ல அதுக்கு கீழ எவ்ளோ போகுதோ அங்க வெச்சு, கீழ் ராட் மட்டும் போட்டு, ஃபேன் இருந்தா அதையும் போட்டு, கதவ 2ல இருந்து 3 இஞ்ச் தொறந்து நடுல ஒரு மரக் கரண்டி சொருகி நிறுத்துங்க. பிளாஸ்டிக் எதுவும் வெக்காதீங்க. டிரேய நடு ரேக்ல, ராட்ல இருந்து தள்ளி வைங்க. ஓவன்ல ஃபேன் இல்லைனா வெளிய ஒரு சின்ன டேபிள் ஃபேன பக்கவாட்டுல வெச்சு அந்த சந்து வழியா காத்து போற மாதிரி திருப்புங்க, இது தான் நான் சொன்ன மேகாத்து. இத பண்ண அப்புறம் எனக்கு ரெண்டு மணி நேரம் கிட்ட குறைஞ்சுது.

டயல்ல போட்டிருக்கற நம்பர நம்பாதீங்க. ஓவன் தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கி டிரே பக்கத்துல வெச்சு பாருங்க. 70க்கு மேல போனா கதவ இன்னும் கொஞ்சம் தொறங்க, 55க்கு கீழ வந்தா கொஞ்சம் மூடுங்க. முதல் ஒரு மணி நேரம் இப்படி கூட குறைய பாத்து செட் பண்ணிட்டா அப்புறம் அது பாட்டுக்கு ஓடும்.

கன்வெக்ஷன் மைக்ரோவேவ் வெச்சிருக்கறவங்களுக்கு இந்த கதவு வழி வராது, கதவ தொறந்தாலே அது நின்னுடும். அதுல கன்வெக்ஷன் 100ல 10 நிமிஷம், அப்புறம் அணைச்சு கதவ தொறந்து 15 நிமிஷம் ஆவி போக விட்டு, திரும்ப 10 நிமிஷம், இப்படி மாத்தி மாத்தி தான் பண்ணணும். வேலை ஜாஸ்தி, ஆனா நடக்கும். ஏர் ஃப்ரையர்ல டீஹைட்ரேட் மோட் இருந்தா பண்ணலாம், ஒரே பிரச்சனை காத்து வேகத்துல பேப்பர் தூக்கி அடிக்கும், நாலு மூலையும் கூழாலயே ஒட்டி அமுக்கிடுங்க.

வீட்ல சின்ன புள்ளைங்க இருந்தா இத ரொம்ப கவனமா பாருங்க. கதவு தொறந்த ஓவன், சூடான கண்ணாடி, கை எட்டுற ஒசரம். செவுத்துல இருந்து ஓவன தள்ளி வைங்க, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல சொருகாம நேரா 16 ஆம்ப் பிளக்ல போடுங்க, போட்டுட்டு தூங்க போகாதீங்க, வெளிய கடைக்கும் போகாதீங்க. நான் காலைல 9 மணிக்கு ஆரம்பிச்சுடுவேன், சாயங்காலம் டீ போடற நேரத்துக்கு முடிஞ்சுடும். கரண்ட் பில் பயம் வேணாம், தெர்மோஸ்டாட் இருக்கறதால ராட் விட்டு விட்டு தான் எரியும், எங்க வீட்ல ஒரு நாள் தாண்ட்ராவுக்கு 3, 4 யூனிட் ஆகுது. ரெண்டு டிரே ஒண்ணா போட்டா அதே கரண்ட்ல ரெண்டு பங்கு வரும்.

காயற நேரம்

3 மில்லிமீட்டருக்கு 6ல இருந்து 8 மணி நேரம். புழுக்கமான நாள்ல, மழை வர மாதிரி இருக்கற நாள்ல, 10 மணி நேரம் கூட ஆகும். அவசரப்பட்டு சூட்ட ஏத்தாதீங்க. மாடில நான் பத்து தடவ போய் தொட்டு தொட்டு பாப்பேன், ஆயா அப்ப சொல்லும், "இன்னாத்துக்கு இப்டி நோண்டினே கீற, காத்து வந்தா அது பாட்டுக்கு காயும்"னு. ஓவனுக்கும் அது தான்.

ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவ டிரேய முன்னாடி பின்னாடி திருப்புங்க, ரெண்டு டிரே இருந்தா மேல கீழ மாத்துங்க. 4 மணி நேரத்துக்கு அப்புறம் ஓரம் தானா பேப்பர்ல இருந்து கெளம்ப ஆரம்பிக்கும். 5 மணி நேரம் ஆனதும் முழுசா உரிக்க வந்தா கவுத்து போட்டு அடிப்பக்கத்தையும் ஒரு மணி நேரம் காய விடுங்க, பாதி பேர் இத பண்ண மாட்டாங்க, மேல மட்டும் காஞ்சு அடி ஈரமா இருக்கறதுக்கு இது தான் காரணம்.

பதம் பாக்கறது நடுல தான், ஓரத்துல இல்ல. விரல் வெச்சு அமுக்குனா பள்ளம் விழக் கூடாது, விரல்ல ஒட்டவும் கூடாது, ஆனா வளைச்சா ஒடையாம வளையணும். சூடா இருக்கும்போது எப்பவும் கொஞ்சம் மெதுவா தான் இருக்கும், ஒரு ஓரத்த கிழிச்சு ரெண்டு நிமிஷம் ஆற விட்டு பாத்து முடிவு பண்ணுங்க.

நடுல கரண்ட் போயிடுச்சுனா கதவ முழுசா தொறந்து ஃபேன் இன்வெர்ட்டர்ல ஓடுனா அத மட்டும் ஓட விடுங்க. ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகும்னா டிரேயோட ப்ரிட்ஜ்ல வெச்சுட்டு மறுநாள் தொடருங்க. வெளியவே ராத்திரி முழுக்க விடாதீங்க, நம்ம ஊரு ஈரத்துக்கு அது தாங்காது.

தடிமனா வேணும்னா

கடைல விக்கற தாண்ட்ரா செங்கல் மாதிரி அடுக்கடுக்கா இருக்கும், அது ஒரே தடவைல ஊத்துனது இல்ல, ஒரு அடுக்கு காஞ்ச அப்புறம் அது மேலயே அடுத்தது ஊத்தி நாள் கணக்கா பண்றது. நீங்களும் அப்படியே பண்ணுங்க, முதல் அடுக்கு முக்கால்வாசி காஞ்சதும் அது மேல 2 மில்லிமீட்டருக்கு இன்னொண்ணு பரப்பி திரும்ப காய வைங்க. ஒரேடியா 1 சென்டிமீட்டர் ஊத்தி 20 மணி நேரம் வெச்சா கூட உள்ள காயாது. நான் மூணு அடுக்குக்கு மேல போனதில்ல.

தப்பா போச்சுனா

ஓரம் மொறுமொறுன்னு ஆயிடுச்சா, ஈரத் துணிய புழிஞ்சு அந்த ஓரத்துல மட்டும் ஒத்தி எடுத்து ஒரு டப்பால மூடி வைங்க, மறுநாள் காலைல மெதுவாயிடும். முழுசா நொறுங்குதா, மிக்ஸில போட்டு பொடி பண்ணுங்க, மோர்லயும் பால்லயும் கலந்து குடிக்க அவ்ளோ நல்லா இருக்கும். நடு பிசுபிசுப்பா, திரும்ப உள்ள, வேற வழி இல்ல. கருத்துடுச்சுனா சூடு ஜாஸ்தி, அடுத்த தடவ கதவ இன்னும் தொறங்க, லேசான கருப்பு சாப்பிடலாம், கசந்தா வேணாம். பூசணம் ஒரு புள்ளி தெரிஞ்சாலும் அந்த டப்பால இருக்கற எல்லாத்தையும் கொட்டிடுங்க, அந்த எடத்த மட்டும் வெட்டி எறிஞ்சுட்டு மீதிய சாப்பிடாதீங்க.

எடுத்து வெக்கறது

லேசான சூடு இருக்கும்போதே பேப்பர்ல இருந்து உரிச்சு எடுத்து, முழுசா ஆற விட்டு, புது பார்ச்மென்ட்ல வெச்சு சுருட்டி ரெண்டு விரல் அகலத்துக்கு வெட்டுங்க. சூடா டப்பால போட்டா உள்ள வேர்த்து எல்லாம் போச்சு. காத்து போகாத கண்ணாடி பாட்டில் இல்ல எவர்சில்வர் டப்பா. நம்ம ஊரு வெக்கைல வெளிய ரெண்டு வாரம், ப்ரிட்ஜ்ல ரெண்டு மூணு மாசம், ஃப்ரீசர்ல ஒரு வருஷம் கூட நிக்கும். முதல் ஒரு வாரம் தெனம் டப்பாவ பாருங்க, உள்பக்கம் ஆவி மாதிரி படிஞ்சிருந்தா சரியா காயலனு அர்த்தம், உடனே எடுத்து இன்னும் ஒரு மணி நேரம் ஓவன்ல விடுங்க.

சுகர் இருக்கறவங்க இத பழக் கணக்குல சேக்காதீங்க, ஸ்வீட் கணக்குல வைங்க, ஒண்ணரை பழத்தோட சர்க்கரை மொத்தமும் ஒரு டிரே தாண்ட்ரால அடங்கிடுது. பல்லுல ஒட்டும், கொழந்தைங்க சாப்பிட்டதும் வாய் கொப்புளிக்க சொல்லுங்க, ரொம்ப சின்னவங்களுக்கு பொடியா நறுக்கி குடுங்க.

ஸ்கூல் வாசல்ல வாங்கி தின்ன இலந்தவடை ருசி யாருக்காவது வேணும்னா, கொய்யாக் கூழ்ல கொஞ்சம் புளிக் கரைசல், மொளகாத்தூள், வெல்லம், ஒரு சிட்டிகை பெருங்காயம் கலந்து இதே மாதிரி காய வெச்சு பாருங்க. என் பொண்ணு மாம்பழத்த விட்டுட்டு இத தான் கேக்கறா. உரிச்ச அப்புறம் பேப்பர்ல அங்கங்க ஒட்டிட்டு இருக்கறத வீணாக்காதீங்க, ஒரு டம்ளர் வெந்நீர்ல அந்த பேப்பர முக்கி கரண்டியால வழிச்சு விட்டு, ரெண்டு சொட்டு எலுமிச்சை புழிஞ்சு குடிச்சுடுங்க.